ஒற்றை வரிசைச் சரக்கு

ஒரு சூப்பர் மார்க்கெட் ஆட்டம் கண்டுவிட்டது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதற்கு முன்பே சேல்ஸ்மேனுக்குத் தெரிந்துவிடும். அலமாரியைப் பார்த்தாலே போதும். நல்லபடியாக ஓடுகிற கடையில் பிஸ்கட் பாக்கெட் பின்பக்கத் தகடு வரைக்கும் ஆழமாக அடுக்கியிருக்கும். சரக்கு வரத்து குறைந்ததும் இருக்கிற பாக்கெட்டை எல்லாம் முன்னால் இழுத்து விளிம்போடு நிறுத்துவார்கள். நடந்து போகிறவர் கண்ணுக்கு அலமாரி நிறைந்திருக்கும். கையை உள்ளே விட்டால் காலி. அடுத்த கட்டத்தில் ஒரே பொருள் நாலு தட்டுக்குப் பரவும். சமையல் எண்ணெய் இருந்த இடத்தில் பினாயில், சோப்பு இருந்த இடத்திலும் பினாயில். அதற்கும் அடுத்தபடியாக ஐஸ்கிரீம் ஃப்ரீசரை அணைத்து, உள்ளே காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைத்திருப்பார்கள். அப்போது கதவைத் திறந்தால் வருகிற புளித்த வாடையை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

மதுரையில் மசாலா, சேமியா, பிஸ்கட் வகைகளுக்கு ஏஜென்சி எடுத்து நடத்துகிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில் கீழமாசி வீதி மொத்தக் கடைகளும் சுற்றுவட்டார மளிகைக் கடைகளும்தான் எங்களுக்கு வாடிக்கை. அண்ணாநகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு, திருநகர் என்று ஊர் விரிய விரிய ஏ.சி. போட்ட கடைகள் வந்தன. நாங்களும் அவற்றுக்குச் சரக்குப் போட ஆரம்பித்தோம். அவற்றில் சில இன்றும் நன்றாக நடக்கின்றன. சில கடைகள், போர்டைக் கழற்றிய தடம் மட்டும் சுவரில் தெரிய, ஷட்டர் இறங்கிக் கிடக்கின்றன.

இந்தக் கடைகள் ஏன் நொடிக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் ஆன்லைன் வந்துவிட்டது, பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று பதில் வருகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்த கடைகள் எதுவும் கூட்டம் குறைந்து மூடியவை அல்ல. கல்லாவில் பணம் விழுந்துகொண்டிருந்தபோதே மூடியவை. விழுந்த பணம் சரக்குக்குப் போகாமல் வேறு எங்கோ போனதால் மூடியவை. அப்படி ஒரு கடை விழுந்தபின் ஊருக்கு வருகிற அவநம்பிக்கை இருக்கிறதே, அது ஏமாற்றியவரை அடிப்பதைவிட, பக்கத்துத் தெருவில் ஒழுங்காகக் கடை நடத்துகிறவரைத்தான் அதிகம் அடிக்கிறது. இதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் தினம் மூன்று லட்ச ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அன்றன்றைக்கே ரொக்கமாகவோ ஜிபேயிலோ கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் ஏஜென்சிக்கு முப்பது நாள் கழித்துக் கொடுத்தால் போதும். அப்படியென்றால் எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் எழுபது, எண்பது லட்சம் அடுத்தவர் பணம் அவர் கையில் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, பேங்க் மேனேஜர் முன்னால் போய் உட்கார வேண்டியதும் இல்லை. மளிகையில் மார்ஜின் குறைவு. வாடகை, கரண்ட் பில், சம்பளம், டேமேஜ் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த லாபத்தைப் பார்த்து யாருக்கும் தலை சுற்றாது. இந்தச் சுழல்பணத்தைப் பார்த்துத்தான் தலை சுற்றுகிறது. தினமும் எண்ணி எண்ணிக் கட்டு கட்டி வைக்கிற பணம் தன்னுடையது இல்லை என்ற நினைப்பு ஒருநாள் விட்டுப்போகிறது. இரண்டாவது கிளை, ரிங் ரோடு பக்கம் ஒரு மனை, மாதம் இவ்வளவு தருகிறேன் என்கிற பைனான்ஸ்காரர் என்று பணம் ஒவ்வொரு வழியாக வெளியே போக ஆரம்பிக்கும்.

பெரிய நிறுவனங்களில் டி-மார்ட் இதற்கு நேர் எதிராக நடந்து பெயர் வாங்கியது. சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்துவிடுவது, அதற்குப் பதிலாக விலையைக் குறைத்து வாங்குவது. வியாபாரத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரிந்தும் செய்கிறவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் உடைந்தது சுபிக்ஷாவில். 1997-இல் சென்னை திருவான்மியூரில் முதல் கடை. ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, சின்ன இடம், எம்.ஆர்.பி.யைவிடக் குறைந்த விலை. நடுத்தரக் குடும்பங்கள் மாதச் சாமான் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தன. மளிகை, மருந்து, காய்கறி என்று தொடங்கி, பிறகு செல்போன் வரைக்கும் விற்றார்கள். தமிழ்நாட்டோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நான் யோசிப்பது உண்டு. நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள். கடன் வாங்கியும் சப்ளையர் பணத்தைச் சுழற்றியும் போட்ட ஓட்டம் அது. 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. உலகம் முழுக்க வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. புதுப்பணம் வந்தால்தான் பழைய பாக்கி தீரும் என்ற நிலையில் இருந்த நிறுவனத்துக்குப் புதுப்பணம் வரும் வழி அடைபட்டது. 2009 தொடக்கத்தில் கடைகள் வரிசையாக மூடின. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. காவலாளிகளுக்கும் பணம் போகாததால் அவர்கள் விலகிக்கொள்ள, பல இடங்களில் மூடிய கடைகளை உடைத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போனார்கள்.

அமெரிக்காவில் ஒரு வங்கி விழுந்ததால் நம் ஊர் மளிகைக் கடை மூடியது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அது பாதிதான். உலக நெருக்கடி வந்தது எல்லாருக்கும்தான். கீழமாசி வீதியில் அந்த வருஷம் மூடிய மொத்தக் கடை எதுவும் என் நினைவில் இல்லை. அங்கே பாக்கியை வைத்துக்கொண்டு கிளை திறக்கிற பழக்கம் கிடையாது.

சுபிக்ஷாவுக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை நடத்தியவரே விஸ்வபிரியா என்ற நிதி நிறுவனத்தையும் நடத்தினார். அதில் பணம் போட்டுத் திரும்பக் கிடைக்காமல் போன 587 பேர் தொடர்பான வழக்கில், 137 கோடி ரூபாய் மோசடி என்று சொல்லி, 2023 நவம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கடை மூடியது 2009-இல், தீர்ப்பு வந்தது 2023-இல். நடுவில் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்று வந்த தொகையைப் போட்டுவிட்டு இருந்த ஒருவருக்கு அந்த இடைவெளி என்பது மிச்ச வாழ்க்கை முழுவதும்தான்.

அதே 2008 செப்டம்பர் கடைசியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி விழப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. பல ஊர்களில் ஏ.டி.எம். வாசலில் வரிசை நின்றது. மதுரைக்கு அந்த வதந்தி கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது என்பேன். 1943-இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் இணைந்தது அந்த வங்கியோடுதான். பெரியவர்கள் பலருக்கு அது அப்போதும் பேங்க் ஆஃப் மதுராதான், பாஸ்புக் மட்டும் மாறியிருந்தது. ரிசர்வ் வங்கி செப்டம்பர் 30-ஆம் தேதி அறிக்கை விட்டது: போதுமான பணம் இருக்கிறது, தேவைப்பட்டால் நாங்களும் தருகிறோம் என்று. வரிசை கலைந்தது. வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கடைக்கு இப்படி வதந்தி வந்தால் அறிக்கை விட யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. அந்தக் கடைக்குப் பணம் வருகிறதா என்று ஒரு சேல்ஸ்மேன் இன்னொரு சேல்ஸ்மேனிடம் டீக்கடையில் கேட்பதோடு சரி. கேள்வி எழுந்த அன்றைக்கே மூன்று ஏஜென்சிகள் சரக்கை நிறுத்திவிடும். நிறுத்தியதாலேயே கடை விழும்.

மதுரையில் அண்மையில் வந்த அலையைச் சொல்ல வேண்டும். 2020, 2021-இல் வங்கி வைப்புக்கான வட்டி ஐந்தரை சதவீதத்துக்கு அருகில் வந்து நின்றது. பென்ஷன் இல்லாத பெரியவர்களுக்கு அதில் மருந்துச் செலவுகூடக் கட்டாது. அந்த நேரம் பார்த்து, மாதம் இவ்வளவு தருகிறோம், முடிவில் மனையாகவோ பணமாகவோ வாங்கிக்கொள்ளலாம் என்று நிதி நிறுவனங்கள் வந்தன. 2023-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. ஆயிரக்கணக்கான பேர் புகார் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், திருச்சியில் தொடங்கி மதுரை உட்பட ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் மூடின. நகைச்சீட்டுப் போட்டவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

பேராசை பெருநஷ்டம் என்று அப்போது ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பணம் போட்டவர்களில் பேராசைக்காரர் சிலர் இருக்கலாம். பெரும்பாலோர் மகள் கல்யாணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் கணக்குப் போட்டவர்கள். சொந்தக்காரர் ஒருவர் ஏஜெண்டாக வந்து, மாமா, அத்தை என்று உறவு சொல்லிப் பேசி வாங்கிப் போன பணம் அது. ஏமாந்தவரைத் திட்டுவது ஏமாற்றியவருக்குத்தான் வசதி.

இந்த அலை சூப்பர் மார்க்கெட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒரு கடையைச் சொல்கிறேன். வைகைக்கு வடக்கே, பெயர் வேண்டாம். பணம் போய் மாட்டிய நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், மேலே சொன்னவற்றில் எதுவும் இல்லை அது. முதலாளி நல்ல உழைப்பாளி. விடியும் முன்னால் மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட்டில் நின்று காய் எடுப்பவர். காய்கறிக்காகவே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். தீபாவளிச் சீட்டும் நடத்தினார். மாதாமாதம் கட்டினால் தீபாவளிக்குப் பலகாரச் சாமான், எண்ணெய், பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். அந்தச் சீட்டுப் பணத்தையும், எங்களுக்கெல்லாம் வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியையும் கொண்டுபோய் அந்த நிதி நிறுவனத்தில் போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் மாதாமாதம் வட்டி வந்திருக்கிறது. ஒரு மாதம் நின்றது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். முதலில் செக் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். பிறகு, "அக்கவுண்ட் மாத்தியிருக்கோம், அடுத்த வாரம் புதுச் செக் தர்றோம்." ஆர்டரின் போக்கும் மாறியது. எப்போதும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிற கடை, திடீரென்று வேகமாக ஓடுகிற பொருளை மட்டும் பெட்டி பெட்டியாகக் கேட்டது. விவரம் தெரிந்தவர்களுக்கு இது கெட்ட அறிகுறி. கடனுக்கு எடுத்த சரக்கை அப்படியே வேறொரு மொத்தக் கடையில் வாங்கிய விலைக்கும் கீழே ரொக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் அன்றைய நெருக்கடியைச் சமாளிப்பார்கள். எங்கள் பெட்டியை எங்கள் பேட்ச் நம்பரோடு இன்னொரு கடையில், எங்களால் கொடுக்கவே முடியாத விலையில் பார்த்தோம்.

கலெக்‌ஷனுக்கு நான் நேரில் போனபோது பில் போடும் இடத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். முன்பு நாலு பேர் இருந்த இடம்.

"முதலாளி இருக்காரா?"

"அவரு வாரதே இல்லண்ணே. போனையும் எடுக்க மாட்டேங்கிறாரு. வாரவுக எல்லாரும் எங்களத்தான் கேக்குறாக."

"உங்களுக்குச் சம்பளம்?"

"ரெண்டு மாசமா இல்லண்ணே. வேலைய விட்டு நின்னா அதுவும் வராதுன்னு வந்துக்கிட்டு இருக்கோம்."

பேசிக்கொண்டே அவர் தீபாவளிச் சீட்டு அட்டையோடு வந்த ஒரு பாட்டிக்குப் பதில் சொன்னார். மஞ்சள் நிற அட்டை, பன்னிரண்டு கட்டம், ஒன்பதில் சீல். பாட்டிக்குச் சீட்டு வேண்டாமாம், கட்டின வரைக்கும் அரிசியாவது கொடுத்துவிடச் சொன்னார். அரிசி இல்லை. கடையில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண் தன் பொறுப்பில் அனுப்பினார். பாட்டி அலமாரி அலமாரியாகப் போய்விட்டு, இரண்டு பாக்கெட் உப்பும் ஒரு துடைப்பமும் எடுத்துவந்து பில் மேஜையில் வைத்தார். அந்தப் பெண் அதை ஒரு நோட்டில் எழுதி, பாட்டியிடம் கையெழுத்து வாங்கி, மிச்சத் தொகை எவ்வளவு என்று அட்டைக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். சம்பளம் வராத ஒருவர் முதலாளியின் கணக்கை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கடைக்குள் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கடை நொடித்தால் அவர்களுக்கு வரவேண்டிய சம்பளத்தை யார் எங்கே வாங்கிக் கொடுப்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு ஆர்டர் காகிதம்கூட இருப்பதில்லை. யூனிஃபார்ம் கொடுக்கிறார்கள், வேலைக்குச் சேர்த்ததற்குக் காகிதம் கொடுப்பதில்லை.

சரி, சப்ளையருக்கு என்ன வழி? வெளியில் இருக்கிறவர்கள் கேஸ் போட வேண்டியதுதானே என்கிறார்கள். செக் திரும்பினால், அதற்கென்று இருக்கிற 138-ஆவது சட்டப்பிரிவில் வழக்குப் போடலாம். வக்கீல் நோட்டீஸ், வாய்தா, வாய்தா. அதற்குள் அவர் திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் நாம் பத்தோடு பதினொன்று. இன்னொரு கொடுமை ஜி.எஸ்.டி. பில் போட்ட மாதத்துக்கான கணக்கிலேயே நாங்கள் வரியைக் கட்டியாக வேண்டும். காசு வராத பில்லுக்கும் வரி கட்டியாயிற்று, அது திரும்பி வராது. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தப் பில்லைக் காட்டித் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை அவர் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைத் திருப்பினாலும் அது அரசுக்குப் போகுமே தவிர எங்களுக்கு வராது.

2016 திவால் சட்டம் கம்பெனிகளுக்கானது. அதிலும் 2020 மார்ச்சில், வழக்குப் போட இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பாக்கித் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக ஏற்றிவிட்டார்கள். கொரோனா நேரத்தில் கம்பெனிகளைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள், நியாயமும் இருந்தது. ஆனால் எட்டு லட்சம் மாட்டிக்கொண்ட ஏஜென்சிக்கு அந்தக் கதவு அத்தோடு மூடிவிட்டது. பெரிய தொகை மாட்டிய யாரோ ஒருவர் வழக்குப் போட்டு உள்ளே போனாலும் பங்கு பிரிக்கிற வரிசையில் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள் முன்னால் நிற்கும், சரக்குக் கொடுத்தவர்கள் கடைசியை ஒட்டித்தான். 2022 ஜூலையில் பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் திவால் நடைமுறைக்குள் போனபோது நாடு முழுக்கச் சின்னச் சப்ளையர்கள் இதைத்தான் அனுபவித்தார்கள்.

சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுக்காவிட்டால் அந்த ஆண்டு வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று இப்போது வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். இது நிஜமாகவே வேலை செய்கிறது. அப்பளம், ஊறுகாய், இட்லிப்பொடி தயாரிக்கிற எங்கள் நண்பர்களுக்கு மார்ச் மாதம் வந்தால் பாக்கி தானாக வருகிறது. ஆனால் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சிறுதொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவைக் கொடுத்தார்கள், அது வங்கிக் கடனுக்கு மட்டும்தான். ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பாக்கெட்டில், ஊறுகாய் செய்தவர் பணத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது, சேமியா கொண்டுவந்து போட்டவர் பணத்துக்கு நிற்கவில்லை. வணிகர் சங்கங்கள் எத்தனையோ விஷயத்துக்குக் கடையடைப்பு நடத்துகின்றன. இதை ஒரு கோரிக்கையாக எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

இப்போது பக்கத்துத் தெருக் கடைக்கு வருகிறேன். வடக்கே அந்தக் கடை மூடிய பிறகு, அதே வட்டாரத்தில் ஒரு கணவன் மனைவி நடத்தும் கடையைப் பார்த்தேன். பாக்கி வைக்காதவர்கள். எந்த நிதி நிறுவனத்திலும் பத்து பைசா போடாதவர்கள். ஆனாலும் ஒரே வாரத்தில் கம்பெனிகள் தங்கள் ஏஜென்சிகளுக்குச் சொல்லிவிட்டன: அந்தப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு. முப்பது நாள் தவணையில் ஓடிக்கொண்டிருந்த கடையை ஒரே நாளில் ரொக்கத்துக்கு மாற்றினால் மூச்சு முட்டும். வகைகளைக் குறைத்தார்கள். சர்க்கரை இல்லாத பிஸ்கட், சிறுதானியச் சேமியா போன்ற மெதுவாக ஓடும் சாமானை நிறுத்தினார்கள். அலமாரி மெலிந்தது. அலமாரி மெலிந்ததைப் பார்த்த வாடிக்கையாளர்கள், இவர்களும் போகப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். வருஷக்கணக்காக அவர்களிடம் தீபாவளிச் சீட்டுப் போட்ட தெருக்காரர்களே அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த அம்மா முகம் கோணாமல் எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்தார். கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தவரை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

எங்கள் ஏஜென்சி அந்தக் கடைக்குத் தவணையை நிறுத்தவில்லை. கம்பெனி மேனேஜரிடம் அப்பா காலத்துப் பேரேட்டுக் கணக்கைச் சொல்லி வாதாடினோம். அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

பொதுவாக வியாபாரிகள் என்றாலே திருடர்கள் என்று இப்போது பேசுகிற பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. கோபம் வரவில்லை, காரணம் இருக்கிறது என்று தெரிவதால். நம்பிக்கை போனபின் நம் ஆட்கள் முன்பு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய பெயர், சேமிப்பைப் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1907-இல், வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அதற்கும் முன்பு, 1904-இல், திருவல்லிக்கேணியில் நடுத்தர மக்கள் சேர்ந்து சொந்தமாகக் கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்திருந்தார்கள். மதுரையில் பாண்டியன் கூட்டுறவு சூப்பர் மார்க்கெட் வந்தது அந்த வழியில்தான். கேரளத்தில் 1960-இல் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடியதும் மறு ஆண்டே வைப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இன்று வங்கியில் இருக்கிற ஐந்து லட்சம் வரைக்கும் காப்பீடு இருப்பது அதன் தொடர்ச்சி. 1990-களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் ஓடிப்போனபோது 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மதுரையில் அதற்கென்று சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது.

கடைச் சீட்டுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை. முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பொருள் கொடுப்பதற்காக வாங்கிய முன்பணம் என்று சொன்னால் அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. நகைக்கடைச் சீட்டுகள் பதினொரு மாதத்தோடு முடிவதும் சும்மா இல்லை. கம்பெனி விதிப்படி முன்பணம் 365 நாளைத் தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். மாதம் ஐந்நூறு கட்டுகிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? சீட்டுப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், தீபாவளிச் சரக்கு வாங்குவதற்குத் தவிர வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். போடுவதற்குப் பெரிய செலவும் இல்லை.

போன வருஷம் புதூர்ப் பக்கம் ஒரு தம்பி கடை திறக்கிறேன் என்று வந்து நின்றார். தவணை கேட்டார். பதினைந்து நாள் கொடுத்தோம், செவ்வாய்க்கிழமை தோறும் கலெக்‌ஷன். சீட்டு நடத்தலாமா அண்ணே என்றார். நடத்துங்கள், ஆனால் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்குத் தொடங்கி, பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தை மாதாமாதம் ஜெராக்ஸ் எடுத்து பில் கவுண்டரில் ஒட்டுங்கள் என்றேன். வியாபார ரகசியத்தை வெளியில் போடுவதா என்று அவருடைய அப்பாவுக்குச் சம்மதமில்லை. தம்பி ஒட்டினார். பில் போட நிற்கிறவர்கள் அதை நின்று படிக்கிறார்கள். சீட்டுக்குச் சேர்ந்தவர்களில் பலர் வடக்கே மூடிய அந்தக் கடையில் பணத்தை விட்டவர்கள். அங்கே நோட்டில் கணக்கு எழுதிக் கொடுத்த அந்தப் பெண் இப்போது இங்கேதான் பில் போடுகிறார், சேர்ந்த அன்றே ஆர்டர் காகிதம் கையில் வாங்கிக்கொண்டு.

கடைச் சீட்டிலோ நிதி நிறுவனத்திலோ பணம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். அட்டை, ரசீது, பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நகல் எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் நேரில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். பணத்தை வாங்கித் தருகிறேன் என்று நடுவில் வருகிற யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.